மணை கனத்த வருசம்

எங்க ஐயாவோட மணை கனத்துப்போன வருசம், மிளகா வத்தலுக்கு வெலை இல்ல, வானத்துல மழை இல்ல, யாருக்கும் யாருகூடயும் சண்டை போடக்கூடத் தெம்பு இல்ல. அந்த வருசம்தான் நாலுவழிச் சாலைக்காரங்க வந்து மொட்டைப்புளி விலக்குல, எங்க கொட்டகைக்கு நடுவாந்தரமா, மஞ்சப் பெயிண்டு அடிச்ச கல்லை நட்டுட்டுப் போனாங்க. கல்லை நட்ட மறுநாள் மாசித் திருவிழா. திருவிழா அன்னைக்கு ஐயாவோட வெறும் மணையை, ஒரு வேப்பம்பலகைதான், தோள்ல ஏத்தப் போனா, மணை லேசுல எந்திரிக்கல. என் பேரு சங்கிலி, சந்தையில வத்தல் மூட்டை தூக்குறதுதான் பொழப்பு, திருவிழாவுல எனக்கு முன்பக்கம் வலது தோளு. கையை வச்சதும் சொன்னேன், "ஏப்பா, இன்னைக்கு ஆளு இருக்காரு." எவனும் மிரளல. பின்னாடி நின்னவன், "அப்ப இன்னும் நாலு பேரைக் கூப்பிடு"ன்னான். கூப்பிட்டோம்.

ஐயா யாருன்னு சொல்லிப்புடுறேன், இல்லைன்னா வெளியூர்க்காரங்களுக்கு விளங்காது. ஒரு காலத்துல சந்தைக்குச் சுமை தூக்கிட்டு வாரவன் வழியில எங்கயும் குத்தவைக்கக் கூடாதாம், பண்ணை ஆளுக சவுக்கோட நிப்பாங்களாம். சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல்லு இருந்துச்சு, அது இப்பவும் விலக்குல நிக்குது. ஆனா மூட்டையை அது மேல வச்சுட்டு, ஆளு பக்கத்துல நின்னுதான் மூச்சு வாங்கணும். அப்படி ஒரு உச்சி வெயில்ல, எங்க இருந்தோ வந்த ஒரு சுமைகாரன், "கல்லுமேல மூட்டை இருக்கு, நான் ஏன் நிக்கேன்"னு கேட்டு, அந்தக் கல்லுக்குக் கீழ தரையில இருந்துட்டான். அடிச்சாங்க, எந்திரிக்கல. அடுத்து வந்தவனைப் பாத்து, "இரு"ன்னான். அவனும் இருந்தான். அவனுக்கு அடுத்தவனும் இருந்தான். பொழுது சாயயில ரோடு பூராவும் ஆளு இருந்தாங்களாம், எத்தனை பேரைத்தான் அடிப்பாங்க, கை வலிச்சு பண்ணை ஆளுகளும் ஓரமா இருந்துட்டாங்களாம். அந்தச் சுமைகாரரைத்தான் நாங்க 'இருந்தார் ஐயா'ன்னு கும்பிடுறோம்.

அவரு பேரு என்ன, ஊரு என்ன, எந்த வருசம்னு எங்களுக்குத் தெரியாது. புத்தகம் கிடையாது, படம் கிடையாது, உபதேசம்னா அந்த ஒத்தச் சொல்லுதான். எங்க பக்கம் உக்காருன்னு சொல்ற வழக்கமே இல்ல, வீட்டுக்கு யாரு வந்தாலும் "வாங்க, இருங்க"ம்போம். மதியம் உச்சிக்குக் கொட்டகையில மணையைப் போட்டு, ஒரு கும்பா சோறு வச்சு, அதைச் சுத்தி நாங்க சும்மா இருப்போம், அம்புட்டுதான் பூசை. அந்த நேரத்துல எங்களை எவனும் எழுப்பக் கூடாது. எந்தச் சாதிக்காரனா இருந்தாலும் ஒரு உச்சிக்கு வந்து கூட இருந்துட்டா எங்க வகையறாதான், வேற சடங்கு கிடையாது. செத்தாலும் நாங்க படுக்க வைக்க மாட்டோம். கொட்டகைக்குப் பின்னால குழியில மேற்க பாத்து இருத்துவோம்.

அப்படி இருத்துன கடைசி ஆளு எங்க பெரியப்பா மகன் சன்னாசி அண்ணன். அவரு பொண்டாட்டி வெயிலுகந்தா, எனக்கு மதினி. அண்ணன் மாதிரி ஒரு மனுசனைப் பாக்க முடியாது, சோத்தைக்கூட நின்னுக்கிட்டே திம்பாரு, உச்சிக்குக் கொட்டகைக்கு வந்தாலும் ஒரு காலை மடக்கி ஒரு காலை நட்டுக்கிட்டு, எவன் கூப்பிட்டாலும் ஓடத் தயாரா இருப்பாரு. சந்தையில மூட்டையோட விழுந்து போயிட்டாரு. குழியில இருத்தலாம்னு பாத்தா முட்டி மடங்கல. கம்பு மாதிரி நிக்குது. நாங்க ஆம்பளைக அமுக்கிப் பாத்துட்டு விட்டுட்டோம். மதினிதான் வெந்நியைக் காயவச்சு, நல்லெண்ணெய்யைத் தேச்சு, "போதும் சாமி, இருங்க, இனி யாரும் கூப்பிட மாட்டாக"ன்னு காதுகிட்டச் சொல்லிச் சொல்லி, உருவி உருவி அந்த முட்டியை மடக்குனா. விடிஞ்சதுல இருந்து உச்சி வரைக்கும் ஆச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

இப்ப ரோட்டுக்காரன் நட்ட கல்லுக்கு நேரா பின்னாடிதான் அண்ணன் குழி. மதினிக்கு வேற கவலை எதுவும் இல்ல. கொட்டகை போனா போகட்டும், ஐயா எங்கயும் இருந்துக்கிருவாரு, ஆனா எம்புருசனை எழுப்பக் கூடாது, அம்புட்டுதான் அவ கேட்டது. அதைக் கேட்டு அவ ஏறாத ஆபீசு இல்ல. தாலுகாபீசுல "இரும்மா"ன்னாங்க, ரோட்டாபீசுல "இரும்மா"ன்னாங்க, கலெக்டராபீசு வாசல்ல "ஓரமா இரும்மா"ன்னாங்க. ஐயா சொன்ன அதே சொல்லுதான், ஆனா எந்த ஆபீசுலயும் இருக்க ஒரு பெஞ்சு கிடையாது. நின்னு நின்னு அவ காலு வீங்கிப்போச்சு. கடைசியில கேசு போட்டோம், கோர்ட்டு ஒண்ணு சொல்லுச்சு: ஐயான்னு ஒருத்தரு மெய்யாவே இருந்தவருதான்னு தெரிஞ்சா இடம் பழைய இடம், ரோடு வளைஞ்சு போகட்டும், வெறும் கதைன்னா ரோடு நேரா போகும், குழியில உள்ளவங்களை வேற இடத்துக்கு மாத்திக்கிருங்க. இதை விசாரிக்கச் சரித்திரம் படிச்ச ஒரு அம்மாவை அனுப்புறோம்னு சொல்லிருச்சு.

அந்தம்மா வர்றதுக்குள்ள மணை கனத்துக்கிட்டே போச்சு. மொதல்ல ஒரு ஆளு கனம் இருந்துச்சு, பிறகு ரெண்டு ஆளு கனமாச்சு, சித்திரை பிறக்கயில நகத்த முடியல. எங்களுக்கு அது ஒரு அதிசயமா படல, ஒரு வேலையாத்தான் பட்டுச்சு. கூட்டிப் பெருக்கணும்னா மணையைச் சுத்தித்தான் பெருக்கணும். சுமைகாரங்க சங்கத்துல கூட்டம் போட்டு, சாமியே ஆனாலும் தலைக்கு இம்புட்டுதான் தூக்குறது, மிச்சத்துக்கு ஆளு போடணும்னு பேசி முடிச்சாங்க. பொம்பளைக எங்களுக்குத் தெரியாம ஐயா கும்பாவுல சோத்தைக் குறைச்சு, கம்மங்கஞ்சி வச்சுப் பாத்தாங்க; "வயசான காலத்துல இம்புட்டு ஏறக் கூடாது, முட்டிக்கு ஆகாது"ன்னு கம்பவுண்டர் சொன்னாராம். கஞ்சிக்கும் குறையல. பிறகு பாவம்னு மறுபடியும் சோத்துக்கே போயிட்டாங்க. சந்தை ஏவாரிக வந்து பாத்துட்டு, கொட்டகையில ஒரு தடவை முதுகைச் சாச்சுட்டுப் போவாங்க, போகயில அவுக நடை கொஞ்சம் லேசாத்தான் தெரியும்.

எங்கள்ல ஒருத்தன்தான் யோசனை சொன்னான்: ஆதாரம்தானே கேக்கான், எடை போட்டுக் காட்டுவோம். கோர்ட்டுல ஆதாரத்தை எடை போட்டுப் பாப்போம்னு பேசிக்கிட்டதை மதினிகூடப் போனவன் கேட்டுட்டு வந்திருக்கான். அது வக்கீல்மாரு பேச்சுன்னு எங்களுக்கு யாரு சொன்னா? சுமைகாரனுக்கு எடைன்னா எடைதான். சங்கம் பூரா சேந்து, கடப்பாரை போட்டு நெம்பி, உருளையை அடியில கொடுத்து, ஐயா மணையை டிராக்டருல ஏத்தி, சந்தை எடைமேடைக்குக் கொண்டுபோனோம். மொதல்ல மணையோட ஏத்தி ஒரு எடை, இறக்கிட்டு ஒரு எடை. எடைமேடைக்காரரு சீட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு, "சரக்குன்னு என்ன எழுத?"ன்னு கேட்டாரு. "இருந்தாருன்னு எழுதுங்க"ன்னோம். அப்படியே எழுதிக் குடுத்தாரு.

விசாரிக்க வந்த அம்மா பேரு வசுந்தரா, மெட்ராசுல பெரிய காலேசுல இருந்து ஓய்வானவுக, கையில குடை, முட்டியில பெல்ட்டு. நாங்க டீச்சரம்மான்னு கூப்பிட்டோம். எடைச்சீட்டை நீட்டுனதும் வாங்கிப் பாத்தாங்க, சிரிக்கல. மணைகிட்டப் போய்க் குனிஞ்சு தள்ளிப் பாத்தாங்க. "கனக்குதுதான்"னாங்க.

"அப்ப ஒத்துக்கிருதீகளா டீச்சரம்மா?"

"கனக்குதுன்னு ஒத்துக்கறேன். ஏதோ ஒண்ணு இங்க கனக்குது. அது அவர்தான்னு இந்தச் சீட்டு சொல்லலையே."

எங்களுக்குச் சப்புன்னு போச்சு. ஆனா அந்தம்மா சொன்னது தப்புன்னும் சொல்ல முடியல.

டீச்சரம்மா ஒவ்வொருத்தரா விசாரிச்சாங்க. "அவர் இருந்தாரா?"ன்னு கேப்பாங்க. "இருந்தாரும்மா"ம்போம். "எப்ப இருந்தார்?" "உச்சியில." "எங்க இருந்தார்?" "அந்தா, அந்தக் கல்லுக்குக் கீழ." அவங்க எழுதுறதை நிறுத்திட்டு, நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு, "நான் கேக்கறது உட்கார்ந்ததைப் பத்தி இல்லைங்க, உயிரோட இருந்தாரான்னு"ன்னாங்க. எங்காளு ஒருத்தன் யோசிச்சுச் சொன்னான், "உசுரு இல்லாதவனை அடிச்சா வலிக்காதே டீச்சரம்மா, அவரை அடிச்சிருக்காகளே." அடிச்சதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டாங்க. "இருந்ததுக்குத்தான் அடிச்சாக"ன்னான். இப்படியே செக்குமாடு கணக்கா சுத்திச் சுத்தி ரெண்டு பக்கமும் களைச்சுப் போச்சு.

ஆனா அந்தம்மா நேர்மையான பொம்பளை, அதை நான் எங்கயும் சொல்லுவேன். உச்சி ஆனதும் நாங்க எல்லாரும் இருந்துருவோம், அவங்க மட்டும் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. முட்டி நடுங்கும், முகமெல்லாம் வேர்த்துப்போகும். மதினி தெனமும் சொல்லுவா, "இருங்க டீச்சரம்மா, எங்களுக்குப் பாக்க முடியல."

"இருந்தா உங்க ஆளாயிடுவேன்ல. அப்புறம் நான் எழுதறதை யார் மதிப்பா?"

"மதிக்காட்டிப் போறான், முட்டி உங்க முட்டியில்லா."

"முட்டி என்னுதுதான். வேலையும் என்னுதும்மா."

அதுக்குப் பிறகு மதினி பக்கத்துல போய், அந்தம்மா சாஞ்சு நிக்க ஒரு மூட்டையை முதுகுக்கு அண்டக் கொடுத்தா. ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. ஒருத்தி காலும் வீங்கி, ஒருத்தி முட்டியும் வீங்கி, வெளிய ஓடுற லாரியைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க, இல்ல, ஒருத்தி நிப்பா, ஒருத்தி இருப்பா.

ஆவணியில ஒருநாள் டீச்சரம்மா எல்லாரையும் கூப்பிட்டுவச்சு, கோர்ட்டுக்குக் குடுக்கும் முன்னாடி உங்களுக்குத் தெரியணும்னு, எழுதுனதை வாயாலயே சொன்னாங்க. சுமைதாங்கிக் கல்லு மெய்தான், ஆனா அது வயித்துப்பிள்ளையோட செத்துப்போன ஒரு பொண்ணு பேர்ல நட்டது, அதுல ஐயா இல்ல. நீங்க திருவிழாவுல பாடுற ஐயா பாட்டுல ரயிலு ஓடுது, அதனால பாட்டு ரயிலுக்குப் பிறகு கட்டுனது. பண்ணையோட பழைய கணக்கு ஓலை ஒண்ணு கிடைச்சுச்சு, அதுல "அன்று சந்தை வழியில் ஆட்கள் இருந்தார்கள்"னு ஒரு வரி. "அந்த ஒரு வார்த்தைக்கு முன்னாடி எத்தனையோ பொழுது நின்னு பாத்துட்டேன். உட்கார்ந்தாங்களா, இல்ல சும்மா அங்க இருந்தாங்களா, ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. எனக்குச் சொல்லத் தெரியல. இப்படி ஒருத்தர் இருந்திருக்கலாம். இருந்தார்னு நான் எழுத முடியாது."

மதினிதான் கேட்டா, "அப்ப அவரை எழுப்பிருவாகளா?"

டீச்சரம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "ரோடு நேரா போகும்மா."

"எவ்வளவு கெஞ்சி இருத்துனேன் தெரியுமா," அப்படின்னு மட்டும் சொல்லிட்டு மதினி எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டா.

மறுநாள் கூட்டிப் பெருக்க வந்த பொம்பளை வாரியலைக் கொண்டு தட்டுனதும் மணை நகந்துருச்சு. ஒத்தைக் கையால தூக்கலாம், வெறும் பலகை, வேப்பம்பலகை. எல்லாரும் வந்து ஒருவாட்டி தூக்கிப் பாத்துட்டு வச்சோம். "எந்திரிச்சிட்டாரு"ன்னு யாரோ சொன்னாங்க. இத்தனை காலம் அடிச்சும் எந்திரிக்காதவரு, கதைன்னு ஒரு பேச்சு வந்ததும் எந்திரிச்சிட்டாரேன்னு எனக்குக் கோவம்தான் வந்துச்சு. பிறகு அவரை மட்டும் எப்படிக் குத்தம் சொல்ல, அவருக்கும் சலிச்சிருக்கும்.

புரட்டாசியில பொக்லைன் வந்துச்சு, ஆபீசருக வந்தாங்க, பொம்பளைப் போலீசும் வந்துச்சு. கோர்ட்டு ஆளு கையில அறிக்கையைக் குடுத்துட்டுப் போகலாம்னு டீச்சரம்மாவும் வந்தாங்க. நாங்க ஓரமா நின்னோம். என்ன செய்ய, சண்டை போட எவனுக்கும் சத்து இல்ல. பொக்லைன்காரன் கைபோட்டது மொதல்ல குழிப்பக்கம். அப்பத்தான் மதினி வந்தா. நேரா கொட்டகைக்குள்ள போய், ஐயா மணையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்து, சன்னாசி அண்ணன் குழிக்கு முன்னால போட்டு, அது மேல இருந்துட்டா. அந்த மணையில எங்க வகையறாவுல எவனும் இருந்தது கிடையாது, கால்கூடப் பட்டது கிடையாது.

"மதினி, அது ஐயா மணை"ன்னேன்.

"அவருதான் எந்திரிச்சிட்டாரே சங்கிலி. எனக்குக் காலு வலிக்கு"ன்னா.

ரெண்டு பொம்பளைப் போலீசு வந்து, "எந்திரிம்மா"ன்னு ஆளுக்கொரு கையைப் பிடிச்சுத் தூக்குனாங்க. மதினி நரம்பும் எலும்புமா இருப்பா, ஒரு வத்தல் மூட்டையில பாதி வரமாட்டா. அவ எந்திரிக்கல. நாலு பேரு வந்தாங்க, எந்திரிக்கல. சங்கத்து ஆளுகளைத் தூக்கச் சொன்னாங்க, நாங்களும் மெய்யாவே தூக்கிப் பாத்தோம், பொய் சொல்லக் கூடாது. என் தோளு எலும்பு முறியப் பாத்துச்சு, மதினி முந்தானைகூட அசையல. பொக்லைன்காரன் மணையோட சேத்து வாரைப் போட்டு இழுத்தான், வண்டியோட பின்சக்கரம் மேல கிளம்புச்சு. அவன் வண்டியை அணைச்சுட்டு இறங்கி, "இந்தம்மா என்ன சார் இம்புட்டுக் கனம்?"னு கேட்டான். எத்தனை ஆபீசு வாசல்ல நின்ன காலு அது, எத்தனை பேரு இரும்மான்னு சொல்லிட்டுப் போனது, எல்லாம் அங்கதான் இறங்கிக் கிடந்துச்சு. அதுக்குள்ள உச்சி ஆயிருச்சு. மதினி பொக்லைன்காரனை நிமிந்து பாத்து, "இருய்யா, வெயிலா இருக்கு"ன்னா. அவன் வண்டி நிழல்ல இருந்துட்டான். போலீசுக்காரிக தொப்பியைக் கழட்டிவச்சுட்டுத் தரையில இருந்தாங்க. நாங்களும் இருந்தோம்.

டீச்சரம்மா மட்டும் நின்னாங்க. பையில இருந்து அறிக்கையை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, குடைக்கம்பை அக்குள்ல வச்சுக்கிட்டு ஏதோ எழுதுனாங்க, எழுதிட்டு எங்களுக்கு வாசிச்சாங்க: "இந்த இடத்தில் அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த இடத்தில் வெயிலுகந்தாள் என்பவர் இருக்கிறார். இதை நான் நேரில் பார்த்தேன்." கையெழுத்துப் போட்டு, கோர்ட்டு ஆளு கையில குடுத்துட்டு, "என் வேலை முடிஞ்சுது"ன்னாங்க. பிறகு முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, குடையை ஊனிக்கிட்டு, மெல்ல மெல்ல மதினி பக்கத்துல இருந்தாங்க. மதினி அவங்க காலை எடுத்துத் தன் மடியில வச்சு முட்டியை உருவி விட்டா.

கோர்ட்டு அதைப் படிச்சு என்ன நினைச்சுச்சுன்னு எங்களுக்குத் தெரியாது. வளைன்னும் சொல்லல, நேரா போன்னும் சொல்லல. ஆபீசருக மாறுனாங்க, புதுசா வந்தவங்க மதினியைப் பாத்துட்டு, "சரி, இருக்கட்டும்"னுட்டுப் போனாங்க. ரோட்டுக்காரன் எத்தனை நாளைக்குத்தான் மிஷினுக்கு வாடகை குடுப்பான், அவளைச் சுத்திக்கிட்டுத் தாரைப் போட்டுட்டுப் போயிட்டான். மொட்டைப்புளி விலக்குல இன்னைக்கும் பஸ்ஸு வேகத்தைக் குறைச்சு, ஒரு வளைவு வளைஞ்சுதான் போகும். மதினி அதுக்குப் பிறகு எந்திரிக்கவே இல்ல. சோறு கொண்டாந்து குடுப்போம், மழைக்கு மேல கீத்து போட்டோம், வந்தவன் போனவன் அவ முன்னாடி இருந்து ஒரு மூச்சு அழுதுட்டுப் போவான். ஒரு தை மாசம் உச்சியில அப்படியே போயிட்டா. இருத்தத் தூக்கணுமேன்னு ஊரே தெரண்டு வந்துச்சு. நான் கையைக் கொடுத்தேன், ஒண்ணுமே இல்ல, ஒரு சேலையை மடிச்சு எடுத்த மாதிரி ஒத்தையா தூக்கிட்டேன். முட்டி தானா மடங்கியே இருந்துச்சு, யாரும் வெந்நி வைக்க வேண்டி வரல. அண்ணன் பக்கத்துலயே இருத்துனோம்.

போன மாசம் ஏதோ காலேசுல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. டீச்சரம்மா காலமாயிட்டாங்க, அந்த அறிக்கையும் எங்க போச்சோ கிடைக்கலயாம். "ஐயா, வெயிலுகந்தாள்னு ஒருத்தங்க உண்மையிலயே இருந்தாங்களா?"ன்னு கேட்டுச்சு. நான் வளைவைக் காட்டுனேன். ஓடை இருந்திருந்தாலும் ரோட்டை வளைச்சிருப்பாங்களேன்னுச்சு. அதுவும் சரிதான். குழியைக் காட்டுனேன், அதுல பேரு எதுவும் வெட்டலையேன்னுச்சு. அதுவும் சரிதான். எனக்குன்னா சொல்ல முடியாத சலிப்பு.

"இருந்தா"ன்னு மட்டும் சொன்னேன்.

"எழுதிக்கறேன் ஐயா"ன்னுச்சு.

"வெயிலா இருக்கு, இருந்து எழுதும்மா"ன்னேன்.

"இல்லைங்க ஐயா, பரவாயில்ல"ன்னு சொல்லிட்டு, அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டே எழுதுச்சு.